முழங்கால் சொன்ன விலை

ஏறி உட்கார்ந்த மறு நொடியே குண்டூசியின் முழங்கால் ஸ்டீயரிங்கின் அடியில் 'ணங்' என்று மோதியது.

"ஐயோ!"

"என்னாச்சு? வண்டிக்கு ஏதாவது அடி பட்டுச்சா?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார் வண்டிக்காரர்.

முழங்காலின் நலத்தை அவர் விசாரிக்கவில்லை. விற்கப் போவது முழங்கால் இல்லையே.

குண்டூசி என்பது பட்டப்பெயர். வைத்தவன் சரியான குசும்பன். நம்ம ஆள் ஏறினால் எந்த வண்டியும் ஒரு பக்கம் சாய்ந்து முனகும். துப்பறியும் தொழிலில் அவன் உதவியாளன். அவனுடைய முதலாளியை எல்லோரும் 'தராசு' என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பழைய வண்டிகளுக்கு விலை மதிப்பு போட்டுக்கொண்டிருந்தவர் அவர். வண்டிகளைவிட அவற்றை விற்கிறவர்கள்தான் அதிகம் ரிப்பேர் என்று கண்டுகொண்டு இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்.

இன்றைய வேலை முந்தின நாள் போனில் வந்தது. ஒரு பெண் குரல், கடுமையான ஜலதோஷத்தோடு பேசியது. "அந்த மலைச் சிங்கம் ஜீப்பை விளம்பரத்துல பார்த்தேன். வாங்கலாம்னு இருக்கேன். என்னால நேர்ல போக முடியாது. நீங்க போய்ப் பார்த்து நியாயமான விலை பேசி முடிச்சுக் குடுங்க. ஆனா ஒண்ணு, வண்டி இருக்கிறபடியே வேணும். சீட்டைக்கூட மாத்தக் கூடாது."

பணக்காரக் கிறுக்கு என்று குண்டூசி அப்போதே முடிவு கட்டிவிட்டான். இப்போது அந்தச் சீட்டில் உட்கார்ந்த பிறகு, வெறும் கிறுக்கு இல்லை, முற்றிய கிறுக்கு என்று திருத்திக்கொண்டான்.

ஷெட்டுக்குள் மலைச் சிங்கம் நின்றது. இரண்டு கதவிலும் வாய் பிளந்த சிங்கம் வரைந்திருந்தது. கூரைமேல் ஒரு வரிசை விளக்கு, முன்னால் இரும்புப் பம்பர், பம்பருக்கு நடுவே, மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கக் கம்பிக் கயிறு சுற்றிய வின்ச், எஞ்சினிலிருந்து கூரை வரை ஏறும் கறுப்புக் காற்றுக் குழாய். ஆற்றுத் தண்ணீரில் இறங்கினாலும் அந்தக் குழாய் வழியாக எஞ்சின் மூச்சு விடும். அப்படித்தான் விற்கிறவர்கள் சொல்வார்கள்.

வண்டிக்காரர் சரக்குக் கப்பலில் அதிகாரி. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பவர். முந்தின ராத்திரிதான் ஊருக்கு வந்து இறங்கியிருந்தார்; இன்னும் வண்டியில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. கடலில் இருப்பவருக்கு மலையேறும் வண்டி எதற்கு என்று கேட்கக் கூடாது. கப்பல் நண்பர்களுக்குப் போட்டோ அனுப்பத்தான்.

"விளம்பரத்துல போட்டிருக்கிறதை அப்படியே படிச்சுக்கிடுங்க சார்," என்றார் கப்பல்காரர், நெஞ்சை நிமிர்த்தி. "ஷெட்டிலேயே பாதுகாக்கப்பட்ட வண்டி. முதலாளியைத் தவிர யார் கையும் படாதது. நான் கிளம்பும்போது வீட்டுல சொல்லிட்டுத்தான் போவேன். யாரும் தொடக் கூடாது. பேட்டரி போயிடாம இருக்க வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் மட்டும் பண்ணி ஆஃப் பண்ணணும். அவ்வளவுதான்."

"வீட்டுல யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டார் தராசு.

"என் ஒய்ஃப்கிட்ட. அவளுக்கு ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடவே வராது. சாவியைத் திருப்புறதுக்கே நாலு தடவை சொல்லிக் குடுத்தேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "விக்கப் போறேன்னு கப்பல்ல இருந்தே விளம்பரம் போட்டுட்டுத்தான் போன்ல சொன்னேன். சரின்னுட்டா. அவளுக்கென்ன தெரியும் இதுல!"

தராசு சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நழுவினார். கொஞ்ச நேரம் அவருடைய செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த நேரத்தில் குண்டூசி வண்டியை விட்டு இறங்கப் பார்த்தான். முழங்கால் இன்னொரு தடவை இடித்தது.

"சார், இந்தச் சீட்டுல உக்காந்து ஓட்டணும்னா காலைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வரணும்."

"சும்மா புலம்பாம அந்தப் பானெட்டைத் திற," என்றது செருப்பு.

வெளியே வந்த தராசு திறந்த எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்புக் குழாய் நுழையும் இடத்தை விரலால் தடவினார்.

"சார், இந்தக் காத்துக் குழாயை மாட்டினது நீங்களா?"

"பின்னே? கம்பீரமா இருக்கட்டும்னு நானேதான் வாங்கி ஒட்டச் சொன்னேன்."

"ஒட்டச் சொன்னீங்க. அதாவது உடம்புல ஓட்டை போடாம வெளிய சும்மா ஒட்டினது. மூக்குக்குப் பக்கத்துல ஒட்டின இன்னொரு மூக்கு மாதிரி."

கப்பல்காரரின் முகத்தில் லேசாக அசடு வழிந்தது. "எல்லாரும் அப்படித்தான் சார் பண்றாங்க."

"இப்ப அப்படி இல்ல. யாரோ முறைப்படி ஓட்டை போட்டு, எஞ்சின் வரைக்கும் இணைச்சு, ஓரமெல்லாம் தண்ணி புகாம பூசியிருக்காங்க. இந்த மூக்கு இப்ப நிஜமாவே மூச்சு விடுது." தராசு கையைத் துடைத்துக்கொண்டார். "அடித்தகடு பூராவும் பாறை கீறின தழும்பு. வின்ச்சுக் கயிறு நல்லா வேலை செஞ்சு தேஞ்சிருக்கு. உங்க சிங்கம் ஷெட்டுல தூங்கல சார். ரொம்ப நாளா வேட்டைக்குப் போயிட்டு வருது."

கப்பல்காரருக்குள் எரிமலை வெடித்தது.

"ஒட்டகம்! அந்த ஒட்டகம்தான்!"

குண்டூசி திரும்பிப் பார்த்தான். ஒட்டகம் எதுவும் வரவில்லை.

"என் மச்சான் சார். ஒய்ஃபோட தம்பி. ஷெட்டுச் சாவி எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒரே தடியன். நான் இல்லாத நேரத்துல என் வண்டியைத் திருடி ஊர் மேஞ்சிருக்கான்!" அவர் சட்டைப்பையிலிருந்து போனை உருவினார். "நாளைக்குத் தீயணைப்பு நிலையத்துல வேலைக்குச் சேரப் போறானாம். சேருவான், சேருவான்! இப்பவே போலீஸ்ல திருட்டுப் புகார் குடுக்கறேன். ஸ்டேஷன் வாசல்லயே அவன் வேலை முடியட்டும்."

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் நிலைப்படியில் குனிந்து வந்தான். அவ்வளவு உயரம். பட்டப்பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் பின்னால், அவன் நெஞ்சளவுக்குக்கூட வராத ஒரு பெண், கையில் கரண்டியோடு வந்தாள். கப்பல்காரரின் மனைவி.

"எத்தனை நாளாடா என் வண்டியை எடுத்துட்டுப் போற?"

ஒட்டகம் அக்காவைப் பார்த்தான். அக்கா கரண்டியைப் பார்த்தாள். அவளுடைய உதடு ஏதோ சொல்ல அசைந்தது. அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"நான்தான் மாமா எடுத்தேன். தப்புதான். மன்னிச்சிடுங்க."

"பார்த்தீங்களா! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!"

கேஸ் முடிந்தது என்று குண்டூசிக்கு நிம்மதி. முழங்காலுக்கு ஏதாவது தைலம் தேய்க்கப் போகலாம். ஆனால் தராசு கிளம்புகிற ஜாடையே இல்லை. பரண்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே துணியில் சுற்றிய மூட்டைகள் இருந்தன.

"குண்டூசி, அதை இறக்கு."

இறக்கினான். பிரித்தான். வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சர்பர்கள். ஒவ்வொன்றும் துடைத்து, எண்ணெய் பூசி, சுற்றி வைத்திருந்தது. சுற்றியிருந்த துணி வீட்டு ஜன்னலில் தொங்கும் அதே பூப்போட்ட திரைச்சீலை.

தராசு உதவியாளனின் காதோரம் குனிந்தார். "திருடன் எவனாவது திருடின வீட்டுக்கு வெள்ளையடிச்சுட்டுப் போவானா?"

"கூலி குறைச்சலா கேட்டா அடிக்கலாம் சார்."

"உன் முழங்கால் சொல்ற அளவுக்குக்கூட உன் வாய் விஷயம் சொல்ல மாட்டேங்குது. சீட்டுக்கு அடியில பார்த்தியா? இரும்புக் கட்டை வச்சு உசத்தி, முன்னால தள்ளி, நாலு போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கு. ஸ்பானர் இல்லாம நகராது. உனக்கே கால் மடங்கலேன்னா அந்தத் தம்பி எப்படி ஓட்டியிருப்பான்? கழுத்தை ஜன்னல் வழியா வெளிய விட்டா?"

குண்டூசி ஒட்டகத்தை மேலிருந்து கீழ்வரை அளந்தான். நேரம் பிடித்தது.

"அப்ப இவன் பொய்யா ஒத்துக்கிறான். ஏன் சார்?"

"அதைக் கேட்டா சொல்ல மாட்டாங்க. வண்டியை விட்டுத்தான் கேக்கணும்." தராசு குரலை உயர்த்தினார். "சார், போலீஸ் எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல விலையை முடிப்போம். வாங்கறவங்க சார்பா நான் வண்டியைச் சோதிச்சுப் பார்க்கணும். பின்னால மண் எடுத்த பள்ளம் இருக்கே, அதுல ஒரு தடவை இறக்கி ஏத்திக் காட்டுங்க. உங்க கையாலயே."

"என் கையாலயா?"

"முதலாளியைத் தவிர யார் கையும் படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்ன சொல்லை விழுங்க வழியில்லை. வீட்டுக்குப் பின்னால் செங்கலுக்காக மண் எடுத்துவிட்டுப் போன பெரிய பள்ளம் இருந்தது. மழைத் தண்ணீர் வற்றி அடியில் கறுப்பாகச் சேறு பளபளத்தது. கப்பல்காரர் வயிற்றை எக்கிக்கொண்டு சீட்டுக்குள் நுழைந்தார். ஸ்டீயரிங் தொப்பையில் அழுந்தியது. "இதையும் அந்த ஒட்டகம்தான் கெடுத்து வச்சிருக்கான்," என்று பல்லைக் கடித்தார்.

இறங்கும்போது எல்லாம் அமர்க்களம். பள்ளத்தில் இறங்க யாருக்கும் திறமை வேண்டியதில்லை. அடியில் போய்ச் சேற்றைத் தொட்டதும் சிங்கம் நின்றது. கப்பல்காரர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வானத்துக்கு வாரி இறைத்தது. இன்னும் மிதித்தார். வண்டி இன்னும் கொஞ்சம் புதைந்தது.

"நல்லா மிதிங்க மாமா!" என்று கரையிலிருந்து கத்தினான் ஒட்டகம்.

'இவனா மலையேறினவன்!' என்று குண்டூசி மனதுக்குள் சிரித்தான். தராசு பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எஞ்சின் ஓலமிட்டது. ஏதோ தீய்கிற நாற்றம் மேலே வந்தது. கரண்டி கீழே விழுந்தது.

"ஐயோ, மிதிக்காதீங்க! கால எடுங்க! கிளட்ச் வேகுது, மூக்கு அடைச்சிருக்கா உங்களுக்கு? சின்ன கியர்க் கம்பியை இழுத்து லோ கியர்ல போடுங்க! அதைக் கொல்லாதீங்க!"

குண்டூசியும் ஒட்டகமும் ஒன்றாகத் திரும்பினார்கள். தராசு திரும்ப வேண்டியிருக்கவில்லை. கப்பல்காரர் பள்ளத்துக்குள் வாயைத் திறந்தபடி இருந்தார்.

கத்தியதைத் திரும்ப வாய்க்குள் போட முடியாது. அவளுக்கும் அது புரிந்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். "நீ சும்மா இருடா. பொய் சொல்லத் தெரியாத மூஞ்சியை வச்சுக்கிட்டு," என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை குண்டூசி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் கணவரை வண்டியிலிருந்து இறக்கினாள். வின்ச்சுக் கயிற்றை இழுத்துக்கொண்டு கரையேறி, மரத்துப் பட்டை அறுபடாமல் இருக்க அகலமான நாடாவைச் சுற்றிக் கொக்கி மாட்டினாள். கயிறு அறுந்தால் யார் மேலும் பாயாதபடி அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டாள். "எல்லாரும் தள்ளிப் போங்க. அண்ணா, உங்களையும்தான். நீங்க பாதி இடத்தை அடைக்கிறீங்க," என்று குண்டூசியைத் துரத்தினாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல அந்தச் சீட்டு அவளுக்குப் பொருந்தியது. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. சிங்கம் உறுமக்கூட இல்லை. மெல்ல முனகிக்கொண்டு, வீட்டுக்குக் கூப்பிட்ட பசு போல ஏறி வந்து கரையில் நின்றது.

கப்பல்காரர் இடுப்பு வரை சேற்றோடு பின்னால் நடந்து வந்தார்.

"நீயா? எப்படி?"

"வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னீங்க. பண்ணினேன். ஸ்டார்ட் பண்ணினா அது நகருதுங்க." அவள் எஞ்சினை அணைத்தாள். "முதல்ல தெரு வரைக்கும். அப்புறம் மலை ரோடு வரைக்கும். அங்க ஒரு லாரி பள்ளத்துல கிடந்துச்சு. இழுத்து விட்டேன். மறுநாள் இன்னொருத்தர் தேடிட்டு வந்துட்டாரு. இப்ப அந்த ரோட்டுல எது மாட்டினாலும் என்னைத்தான் கூப்பிடறாங்க. கூலியும் குடுக்கறாங்க. அது என் கையால நான் சம்பாதிச்சது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா சாவியைப் பிடுங்கியிருப்பீங்க." ஸ்டீயரிங்கைக் கையால் தடவினாள். "எனக்கு இது பிடிச்சிருந்துச்சுங்க. வேற எதுவும் இவ்வளவு பிடிச்சதில்ல. அதான் சொல்லல."

கப்பல்காரர் தராசு பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். என் வண்டி விலை என்ன?"

"ரெண்டு விலை இருக்கு."

"ரெண்டா?"

"வண்டி ஷெட்டை விட்டு வெளிய போகவே இல்லைன்னு வச்சுக்கிட்டா, அது நின்னே கெட்ட வண்டி. இந்த விளக்கு, சிங்கம், ஒட்டு மூக்கு எதுக்கும் யாரும் விலை தர மாட்டாங்க. நீங்க ஆசைப்பட்டு மாட்டினதுக்கு இன்னொருத்தர் எதுக்குச் சார் அழணும்? கேக்கறதுல பாதி. சந்தையில எவர்கிட்ட கேட்டாலும் அதுதான் சொல்லுவாங்க."

"இன்னொரு விலை?"

"வேலை செய்யற வண்டி. ஒவ்வொரு உறுப்பும் கவனிச்சுப் பார்த்த வண்டி. கழட்டின பழைய சாமான்கூடப் பத்திரம். நீங்க கேட்டதுக்கு மேலயே வாங்கித் தர்றேன். ஆனா அந்த விலை வேணும்னா விளம்பரத்தை மாத்தணும். கப்பல் நண்பர்கள் பார்க்கிற அதே இடத்துல. 'முதலாளியைத் தவிர யார் கையும் படாதது'ன்னு இருக்கிறதை எடுத்துட்டு, 'முதலாளியம்மா கை பட்டதாலதான் ஓடுது'ன்னு போடணும்."

கப்பல்காரரின் கால்சட்டையிலிருந்து சேறு சொட்டியது. அவர் மனதுக்குள் ஒரு தட்டில் பணமும் இன்னொரு தட்டில் மீசையும் ஏறி இறங்குவதை குண்டூசியால் வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது.

"வண்டி," என்றார் கடைசியில், "ஷெட்டை விட்டு வெளிய போகவே இல்ல."

"அப்ப பாதி விலைதான்."

"பாதியோ கால்வாசியோ! போகலேன்னா போகலதான். யாரும் இங்க எதையும் பார்க்கல. இவ இழுத்து விட்ட கதை இந்தப் பள்ளத்தோட போகட்டும்."

"சரி சார். அந்தத் திருட்டுப் புகார்?"

"வெளியவே போகாத வண்டியை எவன்யா திருடினான்?" என்று எரிந்து விழுந்தார் கப்பல்காரர்.

ஒட்டகம் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். அக்காவின் கண் நிறைந்தது. தம்பியின் வேலை பிழைத்தது. ஆனால் இறங்கி நின்ற அவள் கை மட்டும் வண்டியின் பம்பரை விடவில்லை. வண்டி போகிறதே.

கப்பல்காரர் குளிக்கக் கிளம்பினார். நாலு அடி போய்ப் பெருந்தன்மையோடு திரும்பினார். "வாங்கறவங்ககிட்ட சொல்லுங்க. அந்தக் கண்றாவிச் சீட்டை மட்டும் பழையபடி மாத்திக் குடுத்துடறேன்."

"வேண்டாம் சார்," என்றார் தராசு. "சீட்டை மட்டும் தொடக் கூடாதுன்னு அந்தம்மா கண்டிப்பா சொல்லியிருக்காங்க. வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே."

"என்ன கிறுக்கோ!" என்று முனகியபடி அவர் வீட்டுக்குள் மறைந்தார்.

குண்டூசியின் மூளையில் விளக்கு எரிய எப்போதும் கொஞ்சம் தாமதமாகும். முழங்காலைத் தடவினான். சீட்டைப் பார்த்தான். வின்ச்சுக் கயிற்றைச் சுருட்டப் போன கை அப்படியே நின்றுவிட்ட பெண்ணைப் பார்த்தான். அவளுடைய முகம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு அந்த ஜலதோஷம் இப்ப எப்படி இருக்கும்மா?" என்று மரியாதையாக விசாரித்தார் தராசு.

"பரவாயில்லைங்க," என்றாள் அவள். "இன்னும் ஒரு போன் பேசற வரைக்கும் இருக்கும்."

முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே குண்டூசி பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அடுத்த தடவை வந்தா இந்தப் பக்கம் ஏறாதீங்க. நான் ஓட்டறேன். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க, அங்க காலை நீட்டலாம்."